உப்புக்கோடு போட்ட மைதானம்

ஜூன் 10, திங்கள்

இன்று காலை 10 மணிக்கு வெள்ளைமடை காவல் சிறுவர் சிறுமியர் மன்றத்தின் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். இடம், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள பழைய புயல் பாதுகாப்புக் கூடம். அதை ஒட்டிக் கோயிலுக்குச் சொந்தமான பொட்டல் மைதானம். பெற்றுக்கொண்ட பொருட்கள்: கேரம் போர்டு ஒன்று, கால்பந்து இரண்டு (ஒன்றில் காற்று இல்லை), விசில் ஒன்று, பூட்டு ஒன்று. சாவி இல்லை.

பதினேழு வருஷம் காவல் நிலையத்தில் வேலை பார்த்த தலைமைக் காவலருக்கு இது ஒரு வேலையா? மார்ச் மாதப் பந்தோபஸ்தில் தடுப்புக் கட்டை முழங்காலில் விழாமல் இருந்திருந்தால் இங்கே வந்திருக்க மாட்டேன். "லைட் டியூட்டி தங்கபுஷ்பம், ரெஸ்ட் மாதிரி நெனச்சுக்கோங்க" என்றார் இன்ஸ்பெக்டர். மீண்டும் நிலையத்துக்கே மாற்றக் கோரி அவர் மேசையிலேயே மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மேலிடத்து உத்தரவு இதுதான். படகுத்தெருப் பெண் பிள்ளைகளையும் உப்பளக் காலனிப் பெண் பிள்ளைகளையும் சேர்த்து ஒரே கால்பந்து அணி அமைக்க வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று தூத்துக்குடியில் மன்றங்களுக்கு இடையே போட்டி. பையன்களுக்கு ஏற்கெனவே இரண்டு தெருவிலும் தனித்தனி அணி உண்டு. அவர்களைச் சேர்த்துவைக்கும் தைரியம் யாருக்கும் இல்லை போலிருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் உப்பு லாரி ஒன்று படகுத்தெருவில் காயப் போட்டிருந்த வலை மேல் ஏறிவிட்டது. அடிதடி. இரண்டு பக்கத்திலும் பதினோரு பேர் மேல் வழக்கு. அந்த முதல் தகவல் அறிக்கை என் கையெழுத்தில் எழுதப்பட்டது. ஆக, இரண்டு தெருவுக்கும் என் முகம் நன்றாகத் தெரியும்.

மதுரையில் படிக்கும் மகள் சுபிதாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கல்லூரியில் வகுப்பு இருக்கும்.

ஜூன் 12, புதன்

வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். காக்கி உடுப்பில் போனது தவறு.

படகுத்தெருவில் முதல் வீட்டுக் கதவைத் தட்டியதும் உள்ளே இருந்த ஆள் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார். அவர் மேல் எந்த வழக்கும் இல்லை. இரண்டாவது வீடு அமலதாஸுடையது. அந்தப் பதினோரு பேரில் ஒருவர். "இன்னும் என்ன பாக்கி இருக்கு ஏட்டம்மா? வாய்தாவுக்குத்தான் தவறாம வாரேன்ல?" என்றார். "உங்க மக ஜெர்லின் நல்லா ஓடுவான்னு பி.டி. மாஸ்டர் சொன்னாரு. ஃபுட்பால் விளையாடக் கூப்பிட வந்தேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளைய ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்லுதீயளா?"

காலனியில் இதைவிட மோசம். நான் தெருவுக்குள் நுழைந்ததும் அடுத்தடுத்துக் கதவுகள் சாத்தின சத்தம் கேட்டது.

இருபத்தாறு வீடு. வருகிறேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

காலை 6.30. மைதானத்தில் ஆஜர்: நான், இரண்டு நாய்கள்.

ஜூன் 19, புதன்

சேலை கட்டிக்கொண்டு போனேன். முதலில் பங்குத்தந்தை பிரகாசியத்தைப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். "மைதானம் சும்மாதான் கெடக்கு. பூசையில சொல்லுதேன். ஆனா ஒண்ணு, காலனிப் பிள்ளைகள் மாதா கோயில் பக்கமே வர்றதில்ல. அதுக்கு நீங்க சண்முகக்கனி அக்காவப் பிடிக்கணும்" என்றார்.

சண்முகக்கனி உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் சுய உதவிக் குழுத் தலைவி. விடியுமுன் அளத்துக்குப் போய் முற்பகலில் திரும்புகிறவர். காலில் எண்ணெய் தடவிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"போலீஸ்காரங்க விளையாடக் கூப்பிட்டா யாரு நம்புவா?"

"நானே நம்பலக்கா. சொன்ன வேலையச் செய்யுதேன்."

அவர் சிரித்துவிட்டார். உள்ளே திரும்பி, "ஏட்டி இசக்கி, பந்து விளையாடப் போறியா?" என்று குரல் கொடுத்தார். கையில் சோற்றுத் தட்டோடு வெளியே வந்தாள் அவர் மகள், பதினைந்து வயது இசக்கிராணி. "எப்ப?" என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும்போது ஐஸ் கம்பெனி வாசலில் அதன் முதலாளி மீரான் பாய் என்னை நிறுத்தினார். "ஏட்டம்மா, புட்பால் டீம்னு கேள்விப்பட்டேன். நான் காயல்பட்டினத்துக்காரன். எங்க ஊர்ல பிள்ளை நடக்கிறதுக்கு முன்னால பந்த உதைக்கும். சொல்லிக்குடுக்க ஆள் இருக்கா?" இல்லை என்றேன். அறுபது கிலோ ஐஸ் கட்டியை அப்படியே விட்டுவிட்டு என்னோடு மைதானத்தைப் பார்க்க வந்துவிட்டார்.

ஜூன் 23, ஞாயிறு

ஆஜர்: ஒன்பது பிள்ளைகள். படகுத்தெரு ஐந்து, காலனி நான்கு. நடுவில் இருபதடி இடைவெளி விட்டு இரண்டு வரிசையாக நின்றார்கள்.

மீரான் பாய் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியையும் பந்தை உதைக்கச் சொன்னார். ஜெர்லின் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உதைத்தாள். பந்து நேராக இசக்கிராணியின் முகத்தில். வெள்ளைமடையின் அடுத்த வழக்கு என்று மனதுக்குள் சட்டப் பிரிவுகளை எண்ணத் தொடங்கிவிட்டேன். இசக்கிராணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ அடி, புடிக்கேன்" என்றாள். அடித்தாள். பிடித்தாள். பத்து முறை. பதினோராவது முறை பிடிக்கத் தாவியவள் மணலில் குப்புற விழுந்து, வாயெல்லாம் மணலோடு சிரித்தாள். ஜெர்லினும் சிரித்தாள்.

"நமக்குக் கோல்கீப்பர் கெடச்சாச்சு" என்றார் மீரான் பாய்.

சுபிதா எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தூங்குவாள்.

ஜூன் 25, செவ்வாய்

ஆஃப்சைடு என்றால் என்ன என்று மூன்று நாளாகப் படிக்கிறேன். இந்திய தண்டனைச் சட்டம் இதைவிட எளிது. வேறு யாரைக் கேட்பதென்று தெரியாமல் சுபிதாவுக்கு வாட்ஸப்பில் எழுதிக் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டது பொங்கலுக்குப் பிறகு இதுதான் முதல் முறை.

"நீங்க எதுக்கு ஆஃப்சைடு கேக்கீங்க?"

சொன்னேன். பிறகு விளக்கினாள். மேசைமேல் உப்பு டப்பா, மிளகு டப்பா, இரண்டு டம்ளர் எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லி, யார் எங்கே நிற்கிறார்கள், பந்து எப்போது கிளம்புகிறது என்று நகர்த்தி நகர்த்திச் சொல்லிக்கொடுத்தாள். புரிந்துவிட்டது.

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"நான் காலேஜ் டீம்ல லெஃப்ட் பேக், இடது பக்கம் தடுக்குற ஆளு. ஒரு வருஷமா."

எழுதி வைக்கிறேன்: என் மகள் லெஃப்ட் பேக். 14 நிமிடம் பேசினோம்.

ஜூன் 26, புதன்

தூத்துக்குடியில் அணிக்கு ஏழு பேர்தானாம், ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாதாம். மீரான் பாய் சொன்னார். பரவாயில்லை.

ஜூன் 30, ஞாயிறு

மைதானத்துக்குக் கோடு போடச் சுண்ணாம்பு வேண்டும் என்று எழுதிப் போட்டேன். பதில் வர இரண்டு மாதம் ஆகும். நேற்று சாயங்காலம் சண்முகக்கனியும் அவர் குழுப் பெண்கள் நால்வரும் ஆளுக்கொரு மூட்டை கழிவு உப்பைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். விற்க முடியாத உப்பாம். ஓட்டை போட்ட வாளியில் அள்ளி, கயிறு பிடித்து, அரைமணி நேரத்தில் வெள்ளை வெளேரென்று கோடு போட்டு முடித்தார்கள். செம்மண் மைதானத்தில் அது தெரிந்த அழகை நான் எழுதிக் காட்ட முடியாது.

இன்று காலை வந்து பார்த்தால் பெனால்டி பகுதி இல்லை. பதினான்கு ஆடுகள் கோட்டின் மேல் வரிசையாக நின்று நக்கிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இனி ஆட்டத்துக்கு முன்தான் கோடு போடுவது என்று முடிவாயிற்று.

இன்னொரு செய்தி. அமலதாஸ் பேசாமல் வந்து, கோல் கம்பத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனார். பத்து மணிக்குப் பழைய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இரண்டு கம்பத்திலும் கட்டினார். என்னைப் பார்க்காமலே, "பிள்ளை கோல் போட்டா பந்து ரோட்டுக்கு ஓடுதுன்னு சொன்னா. அதான்" என்றார்.

பிள்ளைகள் இப்போது பதினான்கு பேர். இடைவெளி விட்டு நிற்பதில்லை. இசக்கிராணி என்னை "ஏட்டக்கா" என்று கூப்பிடுகிறாள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

சுபிதா போனில் புதுப் பயிற்சி சொன்னாள். நான்கு கல், இரண்டு பேர், ஒரு பந்து. நானும் செய்து பார்த்தேன். 22 நிமிடம் (போன்).

ஜூலை 12, வெள்ளி

மறுபடியும் லாரி. மதியம் இரண்டு மணிக்கு உப்பு ஏற்றிய லாரி படகுத்தெருவில் பின்னால் எடுக்கும்போது அமலதாஸின் புது வலையில் ஏறி இழுத்துக்கொண்டு போய்விட்டது. டிரைவர் வெளியூர்க்காரன். ஆனால் உப்பு காலனிக்காரர்கள் வாரிய உப்பு. அது போதாதா?

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பக்கமும் கூட்டம். அடிதடி ஆகவில்லை. நிலையத்திலிருந்து ஜீப் வந்து டிரைவரை அழைத்துப் போனது. புகார் எழுதிக்கொள்ளட்டுமா என்று அமலதாஸிடம் கேட்டேன். "நீங்க எழுதினது போதும்" என்று சொல்லிவிட்டு நேராக மைதானத்துக்கு நடந்தார். கோல் வலைகளை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் பின்னாலேயே ஜெர்லின், "அப்பா, அப்பா" என்று அழுதுகொண்டே போனாள்.

ஜூலை 14, ஞாயிறு

ஆஜர்: நான். மீரான் பாய். பத்து நிமிடம் நின்றோம். "வலை இல்லாத கம்பத்தப் பாக்க பல்லில்லாத வாய் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவரும் போனார்.

மதுரைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "அந்தக் கோல்கீப்பர் என்ன சொல்லுதா?" என்று சுபிதா கேட்டாள். அவளிடம் பேசவே எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்களிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15, திங்கள்

சாயங்காலம் இசக்கிராணியைப் பார்க்கப் போனேன். வீட்டில் இல்லை. சண்முகக்கனியும் அவளைத் தேடிக்கொண்டிருந்தார். இருவருமாகத் தேடிக்கொண்டு படகுத்தெரு வரைக்கும் வந்துவிட்டோம். காலனிக்காரர் ஒருவர் அந்தத் தெருவுக்குள் கால் வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. சண்முகக்கனி தெருமுனையில் தயங்கி நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அமலதாஸ் வீட்டு முன்னால் கிழிந்த வலை விரிந்து கிடந்தது. ஒரு பக்கம் ஜெர்லின். எதிரே இசக்கிராணியும் காலனிப் பிள்ளைகள் மூன்று பேரும். கையில் வலை முடியும் ஊசி. எத்தனை கண்ணிக்கு ஒரு முடிச்சு என்று ஜெர்லின் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அமலதாஸ் படகோரம் நின்று, இதை என்ன செய்வது என்று தெரியாதவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஜெர்லின் சொல்லித்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் இந்த நால்வரும் நேராக வந்து நின்றார்களாம். கோல் வலையைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று அமலதாஸ் சத்தம் போட்டாராம். அதற்கு இசக்கிராணி, "நாங்க அந்த வலையக் கேட்டு வரல மாமா. கிழிஞ்ச வலைய முடிய வந்தோம். எங்களுக்குத் தெரியாது, ஜெர்லின் காட்டித் தந்தா செய்வோம்" என்றாளாம். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். ஒன்றும் சொல்லாததால் உட்கார்ந்துவிட்டார்களாம்.

சண்முகக்கனி மகளைப் பார்த்து, "ஏட்டி, எந்திரி" என்று வாயெடுத்தார். அதற்குள் ஜெர்லினின் அம்மா ஸ்டெல்லா ஒரு தட்டில் கறுப்புத் தேநீர் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினார். "குடிங்க அக்கா. பிள்ளைக இப்ப எந்திரிக்காது. நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

சண்முகக்கனி தேநீரைக் குடித்தார். குடித்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

ஜூலை 17, புதன்

மூன்றாவது நாளும் வலை முடிந்தார்கள். இப்போது காலனிப் பெண்கள் ஆறு பேர், படகுத்தெருப் பெண்கள் எட்டு பேர். அங்கே எழும் பேச்சுச் சத்தம் கடற்கரை வரை கேட்கிறது. பஞ்சாயத்துத் தலைவர், உப்பு உற்பத்தியாளர் சங்கத்தார், ஃபாதர் மூவரும் உட்கார்ந்து பேசி, லாரிகள் இனி பைபாஸ் வழியாகத்தான் போக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதை எழுதியதும் நான்தான். அமலதாஸ் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவ கையெழுத்து அழகா இருக்கு" என்றார்.

சாயங்காலம் கோல் கம்பத்தில் வலை இருந்தது. யார் கட்டியது என்று யாரும் சொல்லவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தபோது அம்மாமார்களும் வந்தார்கள். பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத்தான் என்றார்கள். கோட்டோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் பொறுத்தார்கள். பிறகு, "ஏன் அவ கிட்ட குடுக்கல?", "ஓடுட்டி!", "பந்த விட்டுட்டு எங்க போற?" என்று ஆளாளுக்குக் கத்தத் தொடங்கினார்கள். மீரான் பாய் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. "அவ்வளவு தெரிஞ்சா நீங்க வந்து ஆடுங்கம்மா" என்றார்.

வந்துவிட்டார்கள்.

படகுத்தெரு அம்மாமார் ஏழு பேர், காலனி அம்மாமார் ஏழு பேர். நடுவர் நான். ஆட்டம் தொடங்கிய உடனே சண்முகக்கனி பந்தைக் கையில் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு குடத்தைச் சுமப்பதுபோல் கோலை நோக்கி ஓடினார். விசிலடித்தேன். கேட்கவில்லை. ஸ்டெல்லா குறுக்கே போய் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவரும் பந்தோடு சேர்ந்து வலைக்குள் போய் விழுந்தார்கள். "கோல்!" என்று காலனி கத்தியது. "செல்லாது!" என்று படகுத்தெரு கத்தியது. வலைக்குள் சிக்கிக்கொண்ட இருவரும் எழுந்திருக்க முடியாமல் சிரித்துக்கொண்டே கிடந்தார்கள். ஃபாதர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் வலையை விலக்கினார். மீரான் பாய் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார்.

சட்டப்படி அந்தக் கோல் செல்லாது. செல்லும் என்று தீர்ப்புச் சொன்னேன். பிறகு அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒன்றுக்கு அனுமதி கொடுத்தேன். 1-1.

விசிலை ஊதிக்கொண்டே அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நாற்பது நிமிடம் ஓடியிருக்கிறேன். முழங்கால் என்று ஒன்று இருப்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

சுபிதாவுக்கு வீடியோ அனுப்பினேன். விடுதியில் எல்லாரும் பார்த்தார்களாம். 41 நிமிடம்.

ஜூலை 26, வெள்ளி

இன்ஸ்பெக்டர் போனில் கூப்பிட்டார். "உங்க மனு பாஸாயிட்டு தங்கபுஷ்பம். திங்கக்கிழமை ஸ்டேஷன்ல ரிப்போர்ட் பண்ணுங்க. சந்தோஷம்தானே?"

முழங்கால் இன்னும் சரியாகவில்லை, மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். நம் நிலையத்தில் மாடி கிடையாதே என்றார். எப்படியும் ஓய்வு தேவைப்படுகிறது என்றேன். மைதானத்தில் நான்காவது சுற்று ஓடிக்கொண்டிருந்ததால் மூச்சு வாங்கியது. அதைக் கேட்டுவிட்டுப் பாவம் என்று நினைத்திருப்பார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பயிற்சி நன்றாக நடந்தது. அணி முடிவாகிவிட்டது. தலைவி யார் என்பதில் மட்டும் சிக்கல். ஜெர்லின் இசக்கிராணியைச் சொல்கிறாள், அவள் இவளைச் சொல்கிறாள். முதல் பாதிக்கு ஒருத்தி, இரண்டாம் பாதிக்கு ஒருத்தி என்று தீர்த்தோம்.

சாயங்காலம் சுபிதாவிடம் பேசினேன். வருகிற 17-ஆம் தேதி பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு ஆட்டமாம். ஆடுகிறாளாம். நல்லது என்றேன். இங்கே நடப்பதையெல்லாம் சொன்னேன். வழக்கம்போல் கேட்டுக்கொண்டே இருந்தவள், நடுவில், "நீங்க தினமும் மைதானத்துக்குப் போயிருவீங்களா?" என்றாள்.

"ஆமா. காலையில ஆறரைக்கு, சாயங்காலம் அஞ்சுக்கு."

"ஒரு நாளும் விடாம?"

"விட்டா பிள்ளைக தேடுமே."

"அந்தப் பிள்ளைங்க குடுத்து வச்சவங்க" என்றாள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

அவள் அப்பா போன பிறகு கோவில்பட்டியில் என் அக்கா வீட்டில்தான் வளர்ந்தாள். பள்ளியில் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் ஓடுவாள். ஒவ்வொரு வருஷமும் விளையாட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்புவாள். ஒரு வருஷம் தேர்தல் பந்தோபஸ்து. ஒரு வருஷம் குருபூஜை பந்தோபஸ்து. மற்ற வருஷங்களுக்கும் காரணம் உண்டு. எல்லாம் பதிவேட்டில் இருக்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அழைப்பிதழ் வரவில்லை. பள்ளியில் விழாவை நிறுத்திவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

உப்புக்கோடு போட்ட கையால் கண்ணைத் தொட்டுவிட்டேன் போலிருக்கிறது. ரொம்ப நேரம் எரிந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூட்ஸ் வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் மீரான் பாயின் பழைய கிளப்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்ட பூட்ஸுகளை மூட்டையாக அனுப்பியிருக்கிறார்கள். ஜெர்லின் போட்டுப் பார்த்துவிட்டு, நடக்கவே வரவில்லை என்று கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்கும் கையிலேயே கொண்டு போனாள். தூங்கும்போதும் பக்கத்தில்தான் வைத்திருந்தாளாம், ஸ்டெல்லா சொன்னார்.

தூத்துக்குடிக்கு ஐஸ் வண்டியில் கூட்டிப்போகலாம் என்றார் மீரான் பாய். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் நானே வழக்குப் போடுவேன் என்றேன். ஃபாதர் பள்ளிக்கூட வேனைத் தருகிறார். அவரே ஓட்டுகிறார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

நான்கு மன்றங்கள். ஒவ்வோர் அணிக்கும் மூன்று ஆட்டம்.

முதல் ஆட்டம் 0-4. எதிரணிப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிட ஒரு முழம் உயரம். ஆட்டம் முடிந்ததும் இசக்கிராணியைத் தேற்றலாம் என்று போனேன். அவள் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "நாலு தானே ஏட்டக்கா உள்ள போச்சு? பதினாலு அடிச்சாளுக. பத்த நான் புடிச்சேம்லா?" என்றாள். தேறவேண்டியது நான்தான்.

இரண்டாவது ஆட்டம் 0-0. அதற்கே அம்மாமார்கள் குலவை போட்டார்கள். படகுத்தெருவில் குலவை போடும் வழக்கம் கிடையாது. சண்முகக்கனி காலையில் வேனில் வைத்துப் பழக்கியிருக்கிறார்.

மூன்றாவது ஆட்டத்தில் முதல் கோலை எதிரணி போட்டது. இடைவேளையில் ஜெர்லின் பூட்ஸைக் கழற்றப் போனாள். விதிப்படி வெறுங்காலோடு ஆட முடியாது என்று தடுத்தேன். "அப்ப லேஸ இறுக்கிக் கட்டிவிடுங்க" என்று காலை நீட்டினாள். குனிந்து கட்டிவிட்டேன். நான்கு நிமிடத்தில் இடது ஓரமாக ஓடி ஒன்று போட்டாள். 1-1.

கடைசி நிமிடம். இசக்கிராணி பந்தைப் பிடித்தாள். எல்லாரும் "பக்கத்துல குடு, பக்கத்துல குடு" என்று கத்துகிறோம். அவள் தலையை நிமிர்த்தி ஜெர்லின் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தாள். உப்பு மூட்டையைத் தூக்கி எறிகிற மாதிரி, உடம்பெல்லாம் திருப்பி எறிந்தாள். பாதி மைதானம் தாண்டிப் போய் விழுந்த பந்து ஒரு குதி குதித்தது. ஜெர்லின் அதை மறுபடி தரையில் விழ விடவில்லை. அப்படியே அடித்தாள்.

2-1.

அதன் பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. அமலதாஸ் என்னைத் தூக்கினார் என்று சொல்கிறார்கள். பணியிலிருக்கும் காவலரைத் தூக்குவது குற்றம். புகார் எழுதப்போவதில்லை.

நான்கில் இரண்டாமிடம். கோப்பை ஒரு சாண் உயரம். இன்றைக்கு ஜெர்லின் வீட்டில், நாளைக்கு இசக்கிராணி வீட்டில்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

நாளை அமைச்சர் வருகை. எனக்கும் பந்தோபஸ்து போட்டிருந்தார்கள். விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். இந்தப் பணியில் காரணம் என்ற இடத்தில் எப்போதும் "உடல்நலக் குறைவு" என்றே எழுதிப் பழக்கம். இன்று "மகள் கால்பந்து ஆடுவதைப் பார்க்க" என்று எழுதினேன். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

"அடுத்த ஆட்டம் பாத்துக்கலாமே தங்கபுஷ்பம்?"

"இல்ல சார். இந்த ஆட்டம்."

கையெழுத்துப் போட்டார். முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். மன்றத்திலேயே தொடர வேண்டும் என்ற புது மனுவையும் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

காலை ஐந்தரைப் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன் என்று இசக்கிராணியிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

ஐந்தரைக்குப் பஸ் நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு முன்னால் பள்ளிக்கூட வேன் நின்றுகொண்டிருந்தது. உள்ளே பதினான்கு பிள்ளைகள், சண்முகக்கனி, ஸ்டெல்லா. ஃபாதர் ஓட்டுநர் இருக்கையில். மீரான் பாய் முன்னால் உட்கார்ந்து, "டீசல் நம்ம கம்பெனிக் கணக்குல போட்டாச்சு, ஏறுங்க" என்றார். "ஆஃப்சைடு சொல்லித்தந்த அக்காவ நாங்களும் பாக்கணும்லா?" என்றாள் ஜெர்லின்.

மதுரை மைதானம் பச்சையாக இருந்தது. புல்லைக் கண்டதும் நம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்பது மணிக்கே போய்விட்டோம். ஆட்டம் பத்துக்கு. படிக்கட்டில் மேல் வரிசையில், மற்ற கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தோம். சத்தம் போடக்கூடாது, அவள் கவனம் சிதறும் என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினேன்.

சுபிதா வெள்ளைச் சட்டையில் வந்தாள். எண் மூன்று. முடியை இறுக்கக் கட்டியிருந்தாள். ஓடும்போது கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து ஓடுகிறாள். அவள் அப்பா அப்படித்தான் நடப்பார். அவள் ஓடுவதை நான் இதுவரை பார்த்ததில்லை என்பதால் இது எனக்குத் தெரியாது.

முதல் பாதி முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாதியில் எதிரணிப் பெண் ஒருத்தி எல்லாரையும் தாண்டித் தனியாகக் கோலை நோக்கி ஓடினாள். சுபிதா குறுக்காக ஓடிவந்து, சறுக்கி விழுந்து, கோட்டுக்கு ஓரடி முன்னால் பந்தை வெளியே தள்ளினாள். பக்கத்தில் யாரோ எழுந்து நின்று, "அது என் மவ! அது என் மவ!" என்று கத்தினார்கள். கத்தியது நான்தான். சத்தியம் செய்த பதினான்கு பேரும் எழுந்துவிட்டார்கள். சண்முகக்கனி குலவை போட்டார். மதுரைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தரையில் கிடந்த சுபிதாவும் பார்த்தாள். எழுந்தாள். முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் பார்த்தாள். பந்து வந்துவிட்டதால் ஓடினாள்.

ஆட்டம் முடிந்து கைகுலுக்கல் எல்லாம் ஆன பிறகு படிக்கட்டு ஏறி வந்தாள். முழங்காலெல்லாம் புல்லும் சேறும். பிள்ளைகள் விலகி வழி விட்டார்கள். என் முன்னால் வந்து நின்றாள்.

"எப்பம்மா வந்தீங்க?"

"ஒம்பது மணிக்கு."

"ஒம்பதுக்கா? அப்ப முழுசும் பாத்தீங்களா?"

"ஆட்டத்துக்கு முன்னால நீ வளைஞ்சு குனிஞ்சு ஓடிப் பழகினல்ல, அதுல இருந்து பாத்தேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு சேற்றோடு, வியர்வையோடு, அப்படியே என் மேல் சாய்ந்தாள். கனமாக இருந்தாள். எவ்வளவு வளர்ந்திருக்கிறாள்.

தேர்வு முடிவு வர ஒரு வாரம் ஆகும். இதை வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டி அருப்புக்கோட்டையைத் தாண்டிவிட்டது. கோணல் மாணலாக வருகிறது கையெழுத்து. ஞாயிறு வரை இருந்துவிட்டுப் போகச் சுபிதாவும் எங்களோடு வருகிறாள். பின் இருக்கையில் இசக்கிராணிக்கும் ஜெர்லினுக்கும் நடுவில் உட்கார்ந்து, நாளைக் காலை ஆறரைக்கு என்ன பயிற்சி என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். நான்கு கல் வைக்கலாமா ஆறு வைக்கலாமா என்பதுதான் விவகாரம். என்னிடம் தீர்ப்புக் கேட்கிறார்கள். போக வேண்டும்.